இன்ஜினை மாற்றினால் இ.சி.யு. ஒத்துழைக்குமா?

கம்ப்யூட்டரில் மதர்போர்டை மாற்றிவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இணைத்து விண்டோஸை இயக்கினால் என்ன ஆகும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். சில நேரம் இயங்கும். பல நேரம் நீலத் திரை வந்து நிற்கும். ஹார்ட் டிஸ்க் கெட்டுப் போகவில்லை. அதில் பழைய மதர்போர்டுக்கான டிரைவர்கள் இருப்பதுதான் காரணம்.

கார் இன்ஜினை மாற்றும்போதும் இதுதான் நடக்கிறது. எந்தச் சிலிண்டருக்கு எப்போது, எவ்வளவு பெட்ரோல் செலுத்த வேண்டும், எப்போது தீப்பொறி வர வேண்டும் என்பதை முடிவு செய்வது இ.சி.யு. என்ற சிறிய கம்ப்யூட்டர். அது ஒரு குறிப்பிட்ட இன்ஜினுக்காக எழுதப்பட்ட அட்டவணைகளை வைத்துக் கணக்கிடுகிறது. இன்ஜின் மாறி அட்டவணை மாறாவிட்டால், தீப்பொறி தவறான நேரத்தில் வந்து பிஸ்டனே உடையலாம். எனவே இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கலிஃபோர்னியாவில் இருக்கும் என் நண்பரின் காரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அவருடையது 1993 மாடல் ஹோண்டா சிவிக். அதிலிருந்த 1.5 லிட்டர் டி15பி7 இன்ஜினை எடுத்துவிட்டு, 1994 மாடல் அக்யூரா இன்டெக்ரா ஜி.எஸ்.ஆர். காரின் 1.8 லிட்டர் பி18சி1 இன்ஜினைப் பொருத்தினார். கார் ஸ்டார்ட் ஆனது, ஓடவும் செய்தது. ஆனால் செக் இன்ஜின் விளக்கு அணையவில்லை. "இ.சி.யு. போய்விட்டது, வேறு வாங்குங்கள்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் ஸ்மாக் எனப்படும் புகைச் சோதனையில் தேறாவிட்டால் காரின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. விளக்கு எரிந்தால் சோதனையில் தேறாது. வீண் செலவு செய்வதற்கு முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று தொலைபேசியில் அவருக்குச் சொன்னேன். அதே வரிசையில் இங்கே தருகிறேன்.

படி 1: எண்ணைப் பாருங்கள்

1992 முதல் 1995 வரையிலான அமெரிக்க சிவிக்கில் இ.சி.யு. முன்பக்கப் பயணியின் கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டுக்குப் பின்னால் இருக்கும். அதன் லேபிளில் 37820 என்று தொடங்கும் எண் இருக்கும். அடுத்து வரும் மூன்று எழுத்துகள்தான் முக்கியம்.

* பி06 - டி15பி7 இன்ஜினுக்கானது. விடெக் கிடையாது.
* பி28 - 1.6 லிட்டர் டி16இசட்6 இன்ஜினுக்கானது. விடெக் உண்டு, நாக் சென்சார் கிடையாது.
* பி72 - பி18சி1 இன்ஜினுக்கானது. விடெக், நாக் சென்சார் இரண்டும் உண்டு.

வால்வுகள் திறக்கும் அளவை அதிக வேகத்தில் மாற்றித் தரும் அமைப்புதான் விடெக். பழைய பி06 இ.சி.யு.வை வைத்துக்கொண்டே புது இன்ஜினை ஓட்டினால் விடெக் ஒருபோதும் வேலை செய்யாது. நாக் சென்சார் தரும் எச்சரிக்கையையும் யாரும் கேட்க மாட்டார்கள். நண்பர் பி72 வாங்கிப் பொருத்தியிருந்தார். அது சரியான தேர்வு.

இங்கே ஓர் எச்சரிக்கை. பி72 என்ற எண் 1996க்குப் பிறகு வந்த இன்டெக்ராவின் இ.சி.யு.விலும் உண்டு. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து ஓ.பி.டி.2 கட்டாயமானதால் அதன் சாக்கெட்டுகள் வேறு. பென்டியம் 4 என்ற ஒரே பெயரில் 478 பின் சாக்கெட்டுக்கும் 775 பின் சாக்கெட்டுக்கும் பிராசசர்கள் வந்தது போலத்தான் இதுவும். வாங்கும் முன் சாக்கெட்டை நேரில் பார்த்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் காரின் இ.சி.யு.வையும் மேனுவல் காரில் பொருத்த வேண்டாம். இல்லாத கியர்பாக்ஸ் சோலனாய்டைத் தேடி 19ஆம் எண் பிழையைக் காட்டும்.

படி 2: சாவியைத் திருப்பி விளக்கைக் கவனியுங்கள்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் நடக்கும் சுயசோதனை போல இ.சி.யு.வுக்கும் உண்டு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள்.

* விளக்கு 2 விநாடி எரிந்து அணைந்தால் இ.சி.யு. விழித்துக்கொண்டது என்று பொருள். பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தமும் அதே 2 விநாடி கேட்கும்.
* விளக்கு எரியவே இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை. பியூஸ், மெயின் ரிலே, எர்த் ஒயர் மூன்றையும் பாருங்கள். இன்ஜினை மாற்றும்போது எர்த் ஒயரை மாட்ட மறப்பது சகஜம்.
* அணைந்து மீண்டும் எரிந்தால் பிழை பதிவாகியிருக்கிறது. அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 3: பிழை எண்ணைப் படியுங்கள்

ரேம் சரியில்லை என்றால் பயாஸ் பீப் சத்தம் கொடுக்கும் அல்லவா? இந்தக் காலத்து ஹோண்டா இ.சி.யு. விளக்கைச் சிமிட்டிச் சொல்லும். இ.சி.யு.வுக்கு அருகே எதிலும் இணைக்கப்படாமல் தொங்கும் இரண்டு பின் கனெக்டரை ஒரு சிறு ஒயரால் இணைத்துவிட்டுச் சாவியை ஆன் செய்யுங்கள். நீண்ட சிமிட்டல் ஒன்றுக்கு 10, குறுகிய சிமிட்டல் ஒன்றுக்கு 1 என்று கூட்டிக்கொள்ள வேண்டும்.

4 - கிராங்க் சென்சார்
8, 9 - டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள மற்ற இரண்டு சென்சார்கள்
21 - விடெக் சோலனாய்டு
22 - விடெக் ஆயில் பிரஷர் சுவிட்ச்
23 - நாக் சென்சார்

நண்பரின் காரில் 22, 23 இரண்டும் வந்தன. இ.சி.யு. செத்துவிட்டது என்றார்களே, செத்துப்போன கம்ப்யூட்டர் இவ்வளவு தெளிவாகப் பேசாது!

படி 4: ஒயர் இருக்கிறதா?

காரில் இருந்தது பழைய இன்ஜினின் ஒயரிங். பழைய இன்ஜினில் விடெக்கும் இல்லை, நாக் சென்சாரும் இல்லை. அப்படியானால் அவற்றுக்கான ஒயர்கள் எங்கிருந்து வரும்? பி72 எதிர்பார்க்கும் நான்கு புதிய இணைப்புகள் இவை:

* ஏ4 - விடெக் சோலனாய்டு
* டி6 - விடெக் பிரஷர் சுவிட்ச்
* டி3 - நாக் சென்சார் (ஷீல்டு ஒயர் தேவை)
* ஏ17 - இன்டேக் பாதையை மாற்றும் வால்வு

நண்பர் ஏ4, ஏ17 இரண்டை மட்டும் இழுத்திருந்தார். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு மற்ற இரண்டையும் இணைக்கச் சொன்னேன். பிறகு பானட்டுக்குள் இருக்கும் 7.5 ஆம்பியர் பேக்கப் பியூஸை 10 விநாடி கழற்றி மாட்டினால் பழைய பிழைகள் அழிந்துவிடும். அப்படியே செய்தார். 23 போய்விட்டது.

படி 5: பிழை எப்போது வருகிறது?

ஆனால் 22 மட்டும் மறுநாள் திரும்பி வந்தது. இங்கேதான் யோசிக்க வேண்டும். பிரஷர் சுவிட்ச், விடெக் இயங்காதபோது மூடியும், ஆயில் அழுத்தம் ஏறியதும் திறந்தும் இருக்கும். ஒயர் இல்லை என்றால் இ.சி.யு.வுக்கு அது எப்போதும் திறந்திருப்பதாகவே தெரியும். எனவே மெதுவாக ஓட்டினாலும் பிழை வரும். ஒயர் சரியாக இருந்து ஆயில் வரவில்லை என்றால், வேகத்தைக் கூட்டி விடெக்கை அழைக்கும்போதுதான் பிழை வரும்.

"எப்போது வந்தது?" என்று கேட்டேன். நெடுஞ்சாலையில் 4,500 சுற்றுகளைத் தாண்டியபோது என்றார். அப்படியென்றால் இனி ஒயரைத் தேட வேண்டாம். சோலனாய்டின் மின்தடையை மீட்டரில் பார்த்தார். 14 முதல் 30 ஓம் வரை இருக்க வேண்டும், இருந்தது. சோலனாய்டைக் கழற்றியபோது அடியிலிருந்த சிறு சல்லடையில் கசடு அடைத்திருந்தது. புதிய சல்லடை போட்டதும் விளக்கு அணைந்தது. இ.சி.யு. மாற்றவே இல்லை.

கார் நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து விடெக்கைச் சோதிக்க முடியாது. இன்ஜின் சூடாகி, கார் ஓடிக்கொண்டிருந்தால்தான் இ.சி.யு. அதை அனுமதிக்கும்.

புதிய கார்களில்

இம்மொபிலைசர் உள்ள கார்களில் சாவியிலுள்ள சிப்பும் இ.சி.யு.வும் ஜோடி. வேறு காரின் இ.சி.யு.வைப் பொருத்தினால் எல்லா ஒயரும் சரியாக இருந்தும் இன்ஜின் ஓடாது. சாவியை மீண்டும் பதிவு செய்ய வேண்டும். பல காமன்ரெயில் டீசல் இன்ஜின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும். இன்ஜெக்டர்களோடு இன்ஜின் மாறினால் அந்தக் குறியீடுகளை ஸ்கேனர் மூலம் இ.சி.யு.வில் எழுத வேண்டும். ஓ.பி.டி.2 கார்களில் சிமிட்டலை எண்ண வேண்டியதில்லை. 16 பின் சாக்கெட்டில் இ.எல்.எம்.327 வகை அடாப்டரைச் செருகி மொபைல் போனிலேயே பிழை எண்ணைப் படிக்கலாம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் பொருத்தும் இன்ஜின் காரின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாகவும், அதற்குரிய புகைக்கட்டுப்பாட்டுப் பாகங்கள் அனைத்தும் உள்ளதாகவும் இருக்க வேண்டும். 1993 காருக்கு 1994 இன்ஜின் என்பதால் நண்பருக்கு அதில் தடையில்லை.

சுருக்கமாகச் சொன்னால்: எண், மின்சாரம், பிழை எண், ஒயர், பிழை வரும் நேரம். இந்த ஐந்தையும் இதே வரிசையில் பார்த்த பிறகும் பிழை போகவில்லை என்றால் மட்டும் இ.சி.யு. மீது சந்தேகப்படுங்கள்.