பலா மரமும் தவில் நாதமும்

மங்கள வாத்தியம் இல்லாத திருவிழாவை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆயினும் அந்த வாத்தியம் எந்த மரத்தில் பிறந்தது, அந்த மரம் எங்கே கிடைக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணியிருப்போம்? நானும் எண்ணியதில்லை. ஒரு சம்பவம்தான் என்னை எண்ண வைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன், மண்டபத்தை விரிவுபடுத்துவதற்காக நம் ஆலயத்தின் பின்புறம் நின்ற முதிய பலா மரத்தை வெட்டினோம். அதற்குச் சம்மதித்துக் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன். அடிமரம் துண்டு துண்டாக லோரியில் ஏறிக் குப்பைமேட்டுக்குப் போனது. ஏற்றிச் செல்லக் கூலியும் கொடுத்தோம். அதே ஆண்டில் உபயகாரர்களிடம் நன்கொடை திரட்டித் தமிழகத்திலிருந்து இரண்டு தவில்களை வரவழைத்தோம். அவற்றைத் தட்டிப் பார்த்த வித்துவான், "கட்டை நல்ல பலா, ஐயா" என்றார். எனக்குப் பேச்சு எழவில்லை.

பலா ஏன்?

தவிலின் உடல், முழுப் பலாக் கட்டையைக் குடைந்து செய்யப்படுவது. மிருதங்கத்துக்கும் தஞ்சாவூர் வீணைக்கும் பலாவே உகந்த மரம். பலாவின் வைரம் மஞ்சள் நிறமுடையது; நாளாக ஆகப் பழுப்பேறும். கரையானும் பூச்சியும் அதை எளிதில் அண்டுவதில்லை. குடைவதற்கு இணங்கும், தோலின் இழுப்பையும் தாங்கும்.

நாம் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய ரப்பர் மரம் இதற்கு நேர்மாறானது. அதில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய சில நாளிலேயே பூஞ்சையும் வண்டும் பற்றிவிடும். மருந்தேற்றிய பிறகே தளவாடங்களுக்கு ஆகிறது.

மலாய்க்காரர்கள் பலாவை 'நங்கா' என்பார்கள். அவர்களுடைய காம்புஸ் என்னும் நரம்பு வாத்தியமும் நங்கா மரத்தைக் குடைந்து செய்யப்படுவதே. ஆகவே வாத்தியத்துக்குரிய மரம் கடல் கடந்துதான் வரவேண்டும் என்பதில்லை. தவிலின் தொப்பிப் பக்கத்தை அடிக்கும் கழி பூவரசு மரத்தில் செய்யப்படுவது. அந்தப் பூவரசும் நம் கடற்கரைகளில் தானாகவே வளர்கிறது.

காலமும் ஒரு மூலப்பொருள்

நாதசுரத்துக்குப் பேர்பெற்ற நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர்கள், இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் ஆச்சா மர உத்திரங்களைத் தேடி வாங்குவார்கள். பல்லாண்டுகள் கூரையைத் தாங்கி உலர்ந்த மரம் பிறகு வளையாது, வெடிக்காது. அவ்வூர் நாதசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே: மரம் கிடைத்தால் மட்டும் போதாது, அதற்குக் காலமும் கொடுக்க வேண்டும்.

பச்சை மரத்தின் இரு முனைகளும் உடலைவிட விரைவாகக் காய்கின்றன. அதனால் சில நாளிலேயே அங்கே வெடிப்பு விழுகிறது. இதைத் தடுக்கச் செய்ய வேண்டியவை:

1. தவிலின் வயிற்றைவிடப் பருத்த, கணு இல்லாத, நேரான அடிமரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மெழுகோ கெட்டிச் சாயமோ பூச வேண்டும்.

3. சுவரைத் தடிப்பாக விட்டு, நடுப்பகுதியை முன்கூட்டியே குடைந்தெடுத்தால் வெடிப்பு குறையும்.

4. தரையில் படாமல், மழையும் வெயிலும் விழாத, காற்றோட்டமான கொட்டகையில் அடுக்க வேண்டும்.

5. வெட்டிய தேதியைக் கட்டையிலேயே எழுதி, மாதம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். மாதக் கணக்கில் எடை மாறாது நின்றால் கட்டை பக்குவமாகிவிட்டது எனலாம்.

நம் ஈரக் காற்றில் எவ்வளவு காலம் வைத்தாலும் மரத்தில் சுமார் 15 விழுக்காடு ஈரம் தங்கும். குளிர்சாதன மண்டபத்தில் அதுவும் குறையும். அவசரத்தில் செய்த கட்டை அங்கேதான் பிளந்துகொள்ளும்.

நம் கடமை

வாத்தியத்துக்காக நல்ல மரத்தை வெட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. தீபகற்ப மலேசியாவில் 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட, 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டச் சட்டத்தின்படி பொதுவாக ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அந்த விதியை மதிப்போம். ஆனால் காற்றில் சாய்ந்த மரமும், வீடமைப்புக்காக எப்படியும் வெட்டப்படும் மரமும் நாள்தோறும் குப்பைக்குப் போகின்றன. அன்பர்களின் கொல்லையில் அப்படி ஒரு பலா விழுந்தால், வாள் வைப்பதற்கு முன் ஆலய அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். கட்டையைப் பாதுகாக்க ஒரு கொட்டகைக்கு இடம் ஒதுக்கும்படி நிர்வாகக் குழுவை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பணமாகத் தரும் நன்கொடைக்கு ரசீது உண்டு. ஒரு கட்டையைத் தருபவருக்கு ரசீது உடனே கிடைக்காது. சில ஆண்டுகள் கழித்து, தீபாராதனை வேளையில் அது காதில் விழும்.

மண்டபத்தின் ஓரத்தில் இவ்வாண்டு இரண்டு பலாக் கன்றுகளை நட்டிருக்கிறேன். அவை வைரம் பாயும்போது நான் இருக்கமாட்டேன். அன்றைய நிர்வாகக் குழுவினர் இந்த மலரைப் படித்துவிட்டுக் கையொப்பமிடுவார்களாக.