காணி இல்லாத வீட்டில் பையன் பழகும் பாடம்



கமக்காரக் குடும்பத்தில் ஆண் பிள்ளையை வளர்ப்பதற்கென்று முன்பு எவரும் தனியாகப் பாடம் நடத்தவில்லை. தோட்டமும் வயலுமே அதைச் செய்தன. நாலு வயதில் பையன் தகப்பனுக்குப் பின்னால் வரம்பில் நடந்தான். ஆறு வயதில் நடுகை வெங்காயத்தைக் கடகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஒன்பது பத்து வயதில் இறைப்பு நேரத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிட்டான். இடையில் ஓணான் துரத்தினான், மாங்காய்க்குக் கல்லெறிந்தான், ஏச்சும் வாங்கினான். பொறுமை, பொறுப்பு, சிக்கனம் என்ற சொற்களை யாரும் அவனுக்குப் படிப்பிக்கவில்லை. ஆனாலும் அவற்றைப் பழகிக்கொண்டான்.

காணியை விட்டு வந்த குடும்பத்தில் இந்தப் பள்ளிக்கூடமும் காணியோடு நின்றுவிடுகிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தவர்கள், 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து ஓடியவர்கள், 2009இல் வன்னியிலிருந்து முகாம்களுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் இது பொதுவானது. அவர்களுட் பலர் பின்னர் ஊர் திரும்பினார்கள். இன்றுவரை சொந்தக் காணிக்குப் போகாதவர்களும் இருக்கிறார்கள். 1990இல் ஆறு வயதாயிருந்த பையன் இன்று நாற்பதைத் தாண்டிய தகப்பன். தான் மண்வெட்டி பிடித்துப் பழகாத அவன், தன் மகனுக்கு எதைப் பழக்குவது?

இந்தப் பாடம் சொல்வது ஒன்றே. வயல் இல்லாவிட்டாலும் வீட்டில் வேலை இருக்கிறது. அந்த வேலையில் பையனுக்கு உண்மையான ஒரு பங்கைக் கொடுத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பழக்கினால், வயல் கொடுத்ததில் பெரும் பகுதியை வீடும் கொடுக்கும்.

1. பையனுக்குக் குறைவது என்ன?

முகாமிலோ, உறவினர் வளவிலோ, வாடகை வீட்டிலோ வாழும் குடும்பத்தில் பெண் பிள்ளைக்கு வேலை குறைவதில்லை, கூடுகிறது. தண்ணீருக்கு வரிசையில் நிற்பதும், தம்பியைத் தூக்குவதும், அடுப்படி வேலையும் அவள் தலையில் விழுகின்றன. பையனோ பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் சந்தியில் நிற்கிறான். அவன் சோம்பேறி என்று நாம் ஏசுகிறோம். உண்மையில் அவனுடைய வேலை இருந்த இடம் தோட்டம். அதை நாம் இழந்துவிட்டோம். அதற்குப் பதிலாக வேறு வேலை எதையும் நாம் அவனுக்குக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. ஊரில் தகப்பன் மாட்டைப் பூட்டுவதையும், வானத்தைப் பார்த்து மழை சொல்வதையும் பையன் கண்டிருப்பான். இங்கே நிவாரண அட்டையோடு காத்திருப்பதையும், கூலி கிடைக்காத நாளில் பேசாமல் குந்தியிருப்பதையும் மட்டுமே காண்கிறான். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு பையன் எண்ணத் தொடங்கினால், பிறகு அவன் சொற்கேட்பது கடினம். எனவே தகப்பனின் கைவேலையை மகன் காண வேண்டும்.

2. நாம்பனைப் பழக்குவது போல

"அடியாத மாடு படியாது" என்று சொல்வோம். ஆனால் மாடு பழக்கியவர்கள் என்ன செய்தார்கள்? ஏருக்குப் பழகாத நாம்பனைப் பழகிய மாட்டோடு சோடி சேர்த்துக் கட்டினார்கள். முதல் நாளில் கொஞ்ச நேரம் வெறும் நுகத்தோடு நடத்தினார்கள். பழகிய மாடு திரும்பும்போது நாம்பனும் திரும்பியது. அடியை விடச் சோடியே அதைப் பழக்கியது.

பிள்ளைக்கும் அப்படியே. ஒரு வேலையை மூன்று படியாகக் கொடுங்கள்.

முதலில் நீங்கள் செய்ய, அவன் பார்க்கட்டும், கை கொடுக்கட்டும்.
அடுத்து அவன் செய்ய, நீங்கள் பக்கத்தில் இருங்கள்.
பிறகு அவன் தனியே செய்யட்டும். முடிந்ததும் போய்ப் பாருங்கள்.

மூன்றாவது படியை நாம் மறந்துவிடுகிறோம். பார்க்கப்படாத வேலை பையனுக்கு விரைவில் அலுத்துவிடும். "தம்பி, முற்றம் வடிவாய்க் கூட்டியிருக்கிறாய். அந்த மூலையிலை மட்டும் கொஞ்சம் குப்பை கிடக்கு, பாத்தியா?" என்று சொன்னால் போதும். அவன் கூட்டியதை அவன் கண்முன்னே திரும்பக் கூட்டாதீர்கள். அப்படிச் செய்தால், தன் வேலை உதவாத வேலை என்று அவன் எடுத்துக்கொள்வான்.

அடித்துப் பழக்கிய வேலையை, அடிப்பவர் இல்லாதபோது பிள்ளை செய்யமாட்டான். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை வெளியிட்டது. வீட்டுக்கும் அதையே நாம் எடுத்துக்கொள்ளலாம்.

3. வயதுக்கேற்ற பங்கு

நாலு, ஐந்து வயதில்: படுத்த பாயைச் சுருட்டி வைத்தல்; தன் கோப்பையைக் கழுவுதல்; கோழிக்குத் தீன் போடுதல்; அம்மாவோடு இருந்து கீரை ஆய்தல், வெங்காயம் உரித்தல்.

ஆறு முதல் எட்டு வயதில்: முற்றம் கூட்டுதல், அரிசியில் கல் பொறுக்குதல், தன்னால் தூக்கக்கூடிய சிறிய வாளியில் குழாயடியிலிருந்து தண்ணீர் கொண்டுவருதல், பள்ளிச் சட்டையைத் தோய்த்துக் காயப்போடுதல்.

ஒன்பது முதல் பதினொரு வயதில்: தேங்காய் துருவுதல், பெரியவர் பக்கத்தில் நிற்கத் தேநீர் வைத்தல், ஆட்டுக்குக் குழை கட்டுதல், சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போடுதல், வீட்டு வரவுசெலவைக் கொப்பியில் எழுதுதல்.

இதில் அடுப்படி வேலையும் இருக்கிறது. "ஆம்பிளைப் பிள்ளைக்குக் குசினியிலை என்ன வேலை?" என்று பேத்தியார் கேட்கலாம். அவருக்கு அமைதியாகச் சொல்லுங்கள்: இடம்பெயர்ந்த நாட்களில் தாய் காய்ச்சலாய்ப் படுத்தால், கஞ்சி வைக்கத் தெரிந்த பையனால் குடும்பம் சாப்பிடும். தமக்கை குடத்தோடு வரிசையில் நிற்கத் தம்பி பந்தடிக்கும் வீட்டில், அவள் படிக்கும் நேரம் குறைகிறது. வேலையைப் பங்கிட்டால் இருவருக்கும் படிப்புக்கும் விளையாட்டுக்கும் நேரம் கிடைக்கும்.

வேலையென்று சொல்லிப் பாடசாலையை மறிக்கக் கூடாது. 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். பிள்ளையைக் கூலிக்கு விடுவதும் வீட்டில் பங்கு கொடுப்பதும் ஒன்றல்ல. 2021இல் வேலைக்கமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 16 ஆக உயர்த்தப்பட்டது. வீட்டுப் பங்கு நாளுக்கு அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. அதன்பின் அவன் கிட்டிப்புள்ளு அடிக்கட்டும், கிளித்தட்டு மறிக்கட்டும். 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, விளையாட்டையும் ஓய்வையும் பிள்ளையின் உரிமையாகச் சொல்கிறது.

4. தூக்கிக்கொண்டு போகக்கூடிய தோட்டம்

பிறர் காணியில் இருப்பவர்கள் மரம் வைக்கத் தயங்குவார்கள். "நாளைக்கு எழும்பச் சொன்னால்?" என்ற பயம் நியாயமானது. பழைய உரப்பையிலோ அரிசிப் பையிலோ தோட்டம் செய்யலாம். உரப்பையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். அடியில் நாலைந்து துளை போட்டு, மண்ணோடு காய்ந்த மாட்டெருவைக் கலந்து, பையில் அரைவாசிக்கு மேல் நிரப்புங்கள். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றலாம். சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம்.

சிறு பையனுக்குக் கீரை விதையைக் கொடுங்கள். ஒரு கிழமைக்குள் முளைக்கும். மூன்று நாலு கிழமையில் பிடுங்கலாம். ஆறு வயதுப் பிள்ளையால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியும். கொஞ்சம் வளர்ந்தவனுக்கு வெண்டி விதையைக் கொடுங்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் முதற் காய் பிடுங்கலாம். பயறு இரண்டு மாதமளவில் முற்றும். ஒரு பை அவனுடையதாகவே இருக்கட்டும். அவன் தண்ணீர் ஊற்ற மறந்து செடி வாடினால், நீங்கள் இரகசியமாக ஊற்றிக் காப்பாற்ற வேண்டாம். இரண்டாம் முறை விதை கொடுங்கள். அவனுடைய கீரையை ஆக்கும் நாளில், அது யாருடைய கீரை என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.

5. தகப்பனின் அரை மணி நேரம்

காலையில் கூலிக்குப் போய் இருட்டியபின் வரும் தகப்பனுக்கு நேரம் இல்லை என்பது உண்மை. ஆயினும் கிழமையில் இரண்டு மாலை, அரை மணி நேரம் ஒதுக்கலாம். மண்வெட்டிக்குப் பிடி போடும்போது மகனைப் பிடிக்கச் சொல்லுங்கள். கயிறு திரிக்கும்போது ஒரு நுனியை அவனிடம் கொடுங்கள்.

காணியைப் பற்றியும் சொல்லுங்கள். கொப்பியில் ஒரு படம் கீறுங்கள்: வீடு எங்கே, கிணறு எந்த மூலையில், எந்தப் பக்கம் செம்மண், எல்லையில் யாருடைய காணி, வேலியில் என்ன மரம். எத்தனை பரப்பு, காலபோகத்துக்கு எப்போது விதைத்தோம், எந்த மாதம் அரிவு வெட்டினோம். அழுது சொல்ல வேண்டியதில்லை. கணக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள். உறுதி தொலைந்த குடும்பங்களில் எல்லை தெரிந்த பிள்ளைகள் இருப்பது பிற்காலத்தில் உதவும். தன் தகப்பன் ஒரு தொழில் தெரிந்த மனிதன் என்பதையும் மகன் அறிவான்.

6. அழுகை, கோபம், பயம்

ஓடி வந்த பிள்ளைகளிற் சிலர் ஆறு, ஏழு வயதிலும் மறுபடி பாயில் சலம் விடத் தொடங்குவார்கள். சிலர் இரவில் அலறி எழும்புவார்கள். சிலர் காரணமின்றி அடிபடுவார்கள். இவை கெட்ட பழக்கமல்ல; பயத்தின் அடையாளம். பிறர் முன்னால் வெட்கப்படுத்தாதீர்கள். படுக்குமுன் வெளியே கூட்டிச் செல்லுங்கள். காலையில் பாயைக் கழுவுவதற்கு அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏச்சு வேண்டாம். சாப்பாடும் படுக்கையும் நாள்தோறும் ஒரே நேரத்தில் நடந்தால், பிள்ளையின் பயம் குறையும். கிழமைகள் கடந்தும் மாறாவிட்டால், பேச்சே குறைந்துவிட்டால், குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள்.

"ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது" என்று சொல்லாதீர்கள். அழ விடாத பையன் தன் துக்கத்தைக் கையால் காட்டுவான்.

தகப்பன் இறந்த, அல்லது காணாமற்போன வீட்டில் உறவினர்கள் வந்து, "ராசா, இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை" என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்கிறார்கள். அன்பில் சொல்லும் சொல்தான். ஆனால் அவனால் சுமக்க முடியாத பாரம் அது. இரவில் நித்திரையின்றித் தாயைக் காவல் காக்கும் பையன்களும், பாடசாலையை விட்டுக் கூலி தேடும் பையன்களும் அப்படித்தான் உருவாகிறார்கள். அதற்குப் பதிலாக, "வீட்டை அம்மா பாப்பா. நீ உன்ரை பங்கைச் செய், அது காணும்" என்று சொல்லுங்கள். மாமாவோ, பேரனாரோ, அயலில் உள்ள நல்ல மனிதர் ஒருவரோ அவனோடு தொழில் பழகும் சோடியாகலாம்.

7. மீறக் கூடாத எல்லைகள்

கட்டில்லாத கிணற்றடிக்குச் சிறு பையனைத் தனியே அனுப்பக் கூடாது. கைவிடப்பட்ட வளவுகளில் பற்றை மூடிய கிணறுகள் இருக்கும்.

விறகு பொறுக்கவும் குழை வெட்டவும் ஆள் நடமாடாத காணிக்குள் போகக் கூடாது. இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடைச் சமவாயத்தில் இணைந்தது. ஆயினும் வடக்கில் அகற்றும் பணி இன்னும் முழுமையாக முடியவில்லை. மண்டையோட்டுப் பலகை கண்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். தெரியாத இரும்பைத் தொடாமல் பெரியவரிடம் சொல்ல வேண்டும்.

பூச்சி மருந்து கலப்பதும் அடிப்பதும் பிள்ளைகளின் வேலையல்ல. மருந்துப் போத்தலைத் தண்ணீர்ப் போத்தலாகப் பயன்படுத்தாதீர்கள்.

நெருங்கி வாழும் இடங்களில் ஆண் பிள்ளைகளுக்கும் பெரியவர்களால் தீங்கு நேர்கிறது. "உன்னை யாரும் தொடக்கூடாத விதமாகத் தொட்டால், யாரென்றாலும் அம்மாவிடம் சொல், நான் ஏசமாட்டன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அறிந்திருங்கள்.

கூடிப் பேசுவதற்கு

- உங்கள் வீட்டில் நேற்று யார் யார் என்ன வேலை செய்தார்கள்? மகனுக்கும் மகளுக்கும் தனித்தனியே எழுதி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.
- உங்கள் தகப்பன் உங்களுக்குப் பழக்கிய தொழில்களில் எதை இன்று, இந்த இடத்திலேயே மகனுக்குப் பழக்கலாம்?
- தகப்பன் இல்லாத வீட்டுப் பையன்களுக்கு எங்கள் சங்கம் என்ன செய்யலாம்?

இந்தக் கிழமை செய்வதற்கு

ஒரு பையும் ஒரு பிடி கீரை விதையும் எடுத்து மகனிடம் கொடுங்கள். வீட்டு வேலையில் ஒன்றைத் தெரிந்து, மூன்று படியாகப் பழக்கத் தொடங்குங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பையனையும் கூட்டி வாருங்கள். செய்ததை அவனே சொல்லட்டும்.