தோள் நோவும் சத்திர சிகிச்சையும்: முடிவெடுக்கு முன் நாம் அறியவேண்டியவை

கமம் செய்து பிழைக்கும் குடும்பத்துக்கு இரண்டு தோள்களும் மூலதனம். காணி கைவிட்டுப் போனால் குத்தகைக்கு எடுக்கலாம். மாடு இல்லையென்றால் உழவு இயந்திரத்தை வாடகைக்குப் பிடிக்கலாம். தோள் பழுதானால் கூலி வேலைக்குக்கூடப் போக முடியாது.

2006ஆம் ஆண்டில் சம்பூர், மூதூர் கிழக்குப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்காகத் தங்கியிருந்தன. 2015, 2016ஆம் ஆண்டுகளில் சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, பற்றை வெட்டித் துப்புரவு செய்வதிலிருந்தே கமத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. நீண்ட காலம் மண்வெட்டி பிடிக்காத கையில் திடீரெனப் பாரவேலை விழும்போது முதலில் நோவது பெரும்பாலும் தோளும் இடுப்புமே. “ஒப்பரேசன் செய்தால்தான் மாறுமா? செய்தால் எத்தனை நாள் வேலை செய்ய முடியாது?” என்பதே பலருடைய கேள்வி. அதற்கு விடை தேடுவதே இப்பாடத்தின் நோக்கம்.

தோள்மூட்டின் அமைப்பு

தோள்மூட்டை ஒரு சிறு தட்டில் வைத்த பெரிய பந்துக்கு ஒப்பிடலாம். தட்டு ஆழமற்றது. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அதனால்தான் மூட்டு எளிதில் விலகவும் செய்கிறது. பந்தைத் தட்டோடு சேர்த்துப் பிடித்திருப்பவை நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களும். மேலே உள்ள தசைநாண் ஓர் எலும்பு வளைவின் கீழாகச் செல்கிறது. கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி அடிக்கடி செய்யும் வேலை அதனை வருத்துகிறது. முதுகில் சுமக்கும் 16 லீற்றர் தெளிகருவி நிரம்பினால் ஏறக்குறைய 20 கிலோ பாரம். உரமூட்டை 50 கிலோ. கிணற்றிலிருந்து வாளி இழுத்துக் குடம் சுமக்கும் பெண்களின் தோளும் இதே பாடுதான் படுகிறது.

எல்லாத் தோள் நோவும் ஒன்றல்ல

1. தசைநாண் நோவு: கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது நோகும். அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. தோள் நோவில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது இதுவே.

2. தோள் இறுக்கம்: மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடும். சட்டை போடவும் தலை வாரவும் முடியாது. இன்னொருவர் பிடித்து உயர்த்தினாலும் கை எழாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. ஆகவே தோள் இறுகியவர்கள் இரத்தத்தில் சீனியின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. தசைநாண் கிழிவு: வயது செல்லச் செல்ல நைந்து கிழிவது ஒரு வகை. விழுந்தோ பாரத்தை வெட்டி இழுத்தோ ஒரே நாளில் கிழிவது மற்றொரு வகை. இரண்டையும் ஒன்றாகக் கருதக்கூடாது.

4. மூட்டு விலகல்: பந்து தட்டைவிட்டு வெளியே வந்துவிடுவது. இதனை வீட்டில் இழுத்துப் பொருத்த முயல வேண்டாம். நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் சேதம் வரலாம்; எலும்பு முறிந்திருந்தால் அதுவும் மோசமாகும்.

இவை தவிர, கழுத்து நரம்பு நெரிபட்டாலும் தோள் நோகும். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு வரும் தோள் நோவு மாரடைப்பாக இருக்கலாம். அப்போது எண்ணெய் பூசிக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

சத்திர சிகிச்சை எப்போது பயன் தரும்?

சாதாரண தசைநாண் நோவுக்கு, எலும்பு வளைவின் அடியைச் செதுக்கி இடம் விடும் சத்திர சிகிச்சை உலகெங்கும் பல ஆண்டுகளாகச் செய்யப்பட்டு வந்தது. பிரித்தானியாவில் 313 நோயாளரைக் கொண்டு அதனைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு அச்சிகிச்சை செய்யப்பட்டது. இன்னொரு பகுதியினருக்குக் குழாயை உள்ளே விட்டுப் பார்த்ததோடு நிறுத்தப்பட்டது. மூன்றாம் பகுதியினருக்குச் சிகிச்சை எதுவும் இல்லை. 2018இல் வெளியான முடிவின்படி, செதுக்கியவர்களுக்கும் வெறுமனே பார்த்தவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. 2019இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டல் ஒன்று, இவ்வகை நோவுக்கு அந்தச் சத்திர சிகிச்சை வேண்டாமென்றே கூறியது.

தோள் இறுக்கம் பற்றி 503 பேரைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு 2020இல் வெளியானது. மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்துவிடுதல், உறையை வெட்டித் தளர்த்துதல், ஊசி மருந்தோடு பயிற்சி செய்தல் ஆகிய மூன்றில் எதுவும் ஓராண்டின் பின் மற்றவற்றைவிடத் தெளிவாக மேலானதாக இருக்கவில்லை. வயதினால் நைந்த கிழிவு உள்ள 452 பேரைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்விலும், பயிற்சியோடு தொடங்கியவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் இரண்டு ஆண்டுகளுக்குள் சத்திர சிகிச்சையை நாடவில்லை.

இதனால் சத்திர சிகிச்சையே வீண் என்று எண்ணிவிடக்கூடாது. விழுந்த பின் கை திடீரென எழாமற் போனால், அது புதிய கிழிவாக இருக்கலாம். சில கிழமைகளுக்குள் தைத்தால் நல்ல பலன் கிடைக்கும். மாதக்கணக்கில் விட்டால் தசை சுருங்கிக் கொழுப்பேறித் தைக்க முடியாமலும் போகலாம். இளவயதினருக்குத் திரும்பத் திரும்ப மூட்டு விலகினாலும் சத்திர சிகிச்சை தேவைப்படலாம். பல மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் குறையாத கிழிவு நோவுக்கும் அதனைப் பற்றிப் பேசலாம்.

முதலில் செய்யவேண்டியவை

புதிய காயம் இல்லையென்றால் மூன்று மாதம் பயிற்சிக்குக் கொடுங்கள். முன்னே குனிந்து, கையைத் தொங்கவிட்டுக் கிணற்று வாளிபோல் மெதுவாக ஆட்டுங்கள். சுவரில் விரல்களால் ஏறுங்கள். மல்லாந்து படுத்து, நல்ல கையால் நோகும் கையைப் பிடித்து உயர்த்துங்கள். இயன்மருத்துவர் காட்டித் தந்த பின் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி இழுத்துப் பழகலாம். பயிற்சியின்போது சிறிது நோவது பாதகமில்லை. மறுநாட் காலையிலும் நோ கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள். தெளிகருவியைப் பாதியளவே நிரப்புங்கள். மூட்டையை இருவராகத் தூக்குங்கள்.

மூட்டுக்குள் போடும் ஊசி சில கிழமைகளுக்கு நோவைத் தணிக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சீனி ஏறும் என்பதால் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வைத்தியரிடம் கேட்கவேண்டியவை

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அருகிலுள்ள வைத்தியசாலையிலிருந்து திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். தேவையானால் மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ அனுப்பக்கூடும். கிளினிக்கில் நேரம் குறைவு. ஆகவே கேள்விகளை எழுதிக்கொண்டு செல்லுங்கள்:

- எனக்கு உள்ளது எந்த வகை நோவு?
- சத்திர சிகிச்சை செய்யாவிட்டால் என்ன நடக்கும்?
- காத்திருந்தால் பின்னர் தைக்க முடியாமற் போகுமா?
- என் வயதில், இந்த அளவுக் கிழிவு தைத்தபின் ஒட்டுமா?
- எப்போது பாரம் தூக்கலாம்?

“தோள் நோகிறது” என்று மட்டும் சொல்லாமல், “வரம்பு கட்டுகிறேன், மூட்டை சுமக்கிறேன்” என்று உங்கள் தொழிலையும் சொல்லுங்கள்.

சத்திர சிகிச்சைக்குப் பின்

தசைநாண் தைத்தவருக்குப் பொதுவாக நடப்பது இது. உங்கள் வைத்தியர் சொல்வது வேறானால் அதனையே பின்பற்றுங்கள்.

முதல் நாள்: மரக்கச் செய்த கை பல மணி நேரம் உணர்வற்றிருக்கும். மரப்பு விடும்போது நோ கடுமையாகும். அதற்கு முன்பே, சொன்ன நேரத்தில் மாத்திரை எடுக்க வேண்டும்.

நான்கு முதல் ஆறு கிழமை: கை பட்டியில் தொங்கும். விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை அசைக்கலாம். தோளைத் தானாக உயர்த்தக்கூடாது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி உறங்குவது சுகம்.

ஆறாம் கிழமைக்குப் பின்: கையைத் தானாக உயர்த்தப் பழகுதல்.

மூன்றாம் மாதத்திலிருந்து: சிறிது சிறிதாகப் பலமூட்டும் பயிற்சி.

ஆறாம் மாதம் அளவில்: வைத்தியர் அனுமதித்தால் மண்வெட்டியும் பாரமும். சிலருக்கு இன்னும் நாட்கள் செல்லும்.

நோ குறைந்துவிட்டதென்று இரண்டாம் மாதத்திலேயே மூட்டை தூக்கினால் தையல் அறுந்துவிடலாம். நோ மாறுவது வேறு, தசைநாண் ஒட்டுவது வேறு. புகைபிடித்தலும் ஒட்டுவதைத் தாமதப்படுத்தும்.

காய்ச்சல், காயத்தில் சீழ், கூடிவரும் சிவப்பு, கை வீக்கம், விரல் நீலமாதல், நெஞ்சு நோ ஆகியவற்றில் எது கண்டாலும் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

போகத்தைக் கணக்கிடுவோம்

ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். கணவருக்குப் பழைய கிழிவு, அவசரமில்லை. பெரும்போக அறுவடை முடிந்து மார்ச்சில் சத்திர சிகிச்சை செய்தால், ஏப்ரல் இறுதிவரை கை பட்டியில் இருக்கும். சிறுபோகம் அவருக்கு இல்லை. செப்டெம்பரில் ஆறு மாதம் நிறைவுறும். ஒக்டோபரில் பெரும்போகத்துக்கு இறங்க இடமுண்டு. அதையே செப்டெம்பரில் செய்தால் பெரும்போகம் போய்விடும். மானாவாரி வயல் மட்டும் உள்ளவர்களுக்கு மார்ச் மாதமே பொருத்தம். வைத்தியசாலை தரும் திகதி நம் விருப்பப்படி அமையாது; ஆயினும் போகக் கணக்கைச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. புதிய காயமென்றால் போகம் பார்க்கக்கூடாது. ஒரு போகம் போனாலும் கை மிஞ்சும்.

செலவு சத்திர சிகிச்சையில் இல்லை. சும்மா இருக்கும் ஆறு மாதத்தில்தான். குத்தகைப் பணம், கடன் தவணை, கிளினிக் போய்வரும் பஸ் செலவு ஆகியவற்றை முன்பே எழுதிப் பாருங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின் துறையில் காத்து நிற்கும் சிரமம் நீங்கிவிட்டது. ஆனால் நெருக்கமான பஸ்ஸில் ஒரு கையால் பிடித்து நிற்பவருக்குத் துணையாக ஒருவர் போகத்தான் வேண்டும். கணவரின் வேலை முழுவதும் மனைவியின் தோளில் இறங்கினால், அடுத்த நோயாளி அவர்தான். உறவினரும் அயலவரும் முறைவைத்துக் கைகொடுப்பதை, வைத்தியசாலைக்குப் போகு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். பெண்ணுக்குச் சத்திர சிகிச்சை என்றால் தண்ணீர் அள்ளுவதும் சமைப்பதும் யார் என்பதையும் அப்படியே பேசுங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. நம் ஊரில் தோள் நோவோடு வேலை செய்பவர்கள் எத்தனை பேர்? அவர்களுள் வைத்தியரைக் கண்டவர் எத்தனை பேர்?
2. ஒரு குடும்பத் தலைவரோ தலைவியோ ஆறு மாதம் பாரவேலை செய்ய முடியாவிட்டால், கமக்காரர் சங்கமும் மாதர் சங்கமும் என்ன செய்யலாம்?
3. பாரம் சுமப்பதைக் குறைக்க, ஊருக்குப் பொதுவாக ஒரு தள்ளுவண்டி வாங்கினால் அதனைப் பராமரிப்பது யார்?