மருந்துப் பாடம்: வகுப்பு, வார்டு, அட்டை – எதைப் பிடிப்பது?

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கத்தில் நர்ஸிங் முடித்து, அமெரிக்க உரிமத்துக்கான என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வுக்கு உட்காருகிறவர்கள் பலர் அஞ்சுவது மருந்தியலுக்குத்தான். 2023 ஏப்ரலில் வந்த தேர்வுத் திட்டத்தில் மருந்து, ஊசி, டிரிப் பகுதிக்கு 13 முதல் 19 சதவீதம் இடம். கேள்விகள் 85 முதல் 150 வரை, நேரம் ஐந்து மணி. விடை கொடுத்துவிட்டால் அந்தக் கேள்விக்குத் திரும்ப முடியாது.

இந்தத் தேர்வு பெரும்பாலும் கேட்பது மூன்று: மருந்து கொடுக்குமுன் எதைப் பார்ப்பீர்கள்? கொடுத்தபின் எதைக் கவனிப்பீர்கள்? எப்போது நிறுத்தி டாக்டரை அழைப்பீர்கள்? எந்த முறையில் படிப்பது என்பதை இந்த மூன்றையும் வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

மருந்து வகுப்பு வாரியாக

அட்டெனலால், மெட்டோப்ரலால் என்று 'லால்' ஒலியில் முடிந்தால் முதலில் நாடியும் பிபியும் பாருங்கள். ஆஸ்துமா உண்டா என்று கேளுங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் என்றால் வறட்டு இருமல், பொட்டாசியம் ஏற்றம், உதடு நாக்கு வீக்கம் உண்டா என்று பாருங்கள். ஒன்றைப் படித்தால் குடும்பமே வந்துவிடும் என்பதுதான் இதன் பலம். ஆனால் பெயரை மட்டும் நம்பக் கூடாது. பான்டோப்ரசோல் வயிற்று அமிலத்துக்கு, அரிப்பிப்ரசோல் மனநோய்க்கு.

வார்டு வாரியாக

நோயாளியை வைத்துப் படித்தது எளிதில் மறக்காது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் மத்திய தொழுநோய் நிறுவனம் இருக்கிறது. தொழுநோய்க் கூட்டு மருந்தில் ரிஃபாம்பிசின் சிறுநீரைச் சிவக்கவைக்கும், க்ளோஃபாசிமின் தோலைக் கருக்கவைக்கும், டாப்சோன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கலாம். முதல் இரண்டையும் நோயாளிக்கு முன்பே சொல்லிவைக்காவிட்டால் அவர் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார். மூன்றாவதற்கு ஹீமோகுளோபினைப் பார்க்க வேண்டும்.

மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுக்கும் நஞ்சிலிருந்து பாம்புக்கடி முறிவு மருந்து தயாராகிறது. அந்த மருந்து ஏறும்போது அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்; ஒவ்வாமை தெரிந்தால் முதலில் டிரிப்பை நிறுத்த வேண்டும். இந்தப் பாம்புகளை அமெரிக்கத் தேர்வு கேட்காது. ஆனால் ரத்தம் ஏற்றும்போதும் பெனிசிலின் ஏற்றும்போதும் ஒவ்வாமை வந்தால் முதல் வேலை இதே நிறுத்தல்தான்; அதைக் கேட்கலாம்.

வார்டு முறையின் குறை, வார்டில் பார்க்காத மருந்து பாடத்திலும் விடுபட்டுப்போவது. பெயரும் மாறும்: நம் அட்ரினலின் அமெரிக்காவில் எபிநெஃப்ரின், பாராசிட்டமால் அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் அல்பியூட்டரால்.

அட்டை வாரியாக

யோசித்துக் கண்டுபிடிக்க முடியாமல், எழுதிவைத்து மனப்பாடம் செய்ய வேண்டியவற்றுக்கே அட்டை. ஹெப்பாரினுக்கு முறிவு புரோட்டமின் சல்ஃபேட், மக்னீசியம் சல்ஃபேட்டுக்குக் கால்சியம் குளுக்கோனேட், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே. வார்ஃபரின் எடுப்பவருக்கு ஐஎன்ஆர் பொதுவாக 2 முதல் 3. லித்தியம் அளவு 0.6 முதல் 1.2. மேலே சொன்ன பெயர் மாற்றங்களும் அட்டைக்கு ஏற்றவை. இன்று பார்த்ததை மூன்று நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் பாருங்கள். ஆனால் அட்டையால் முடிவெடுக்கும் பழக்கம் வராது.

யாருக்கு எது?

படிப்பு முடித்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தால் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். இப்போது வார்டில் வேலை செய்கிறவர்கள், டியூட்டியில் கொடுத்த மருந்துகளில் மூன்றை அன்றிரவே அதன் வகுப்போடு சேர்த்துப் படியுங்கள். தாம்பரம் மின்சார ரயிலில் தினமும் போய்வருகிறவர்களுக்கு அட்டை கைகொடுக்கும். எம்ஆர்பி ஸ்டாஃப் நர்ஸ், எய்ம்ஸ் நார்செட் இரண்டும் வேலைக்கான தேர்வுகள். அவற்றை எழுதுகிறவர்கள் நேரடிக் கேள்விகளுக்காக வகுப்புக்கும் அட்டைக்கும் கூடுதல் நேரம் கொடுங்கள். நார்செட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், ஊகத்தில் குறிக்காதீர்கள்.

ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் வகுப்பையே சொல்வேன். வார்டில் அதைச் சரிபாருங்கள், மிஞ்சியதை அட்டையில் எழுதுங்கள், மாதிரிக் கேள்விகளை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று வரி எழுதுங்கள்: முன் பார்ப்பது, பின் கவனிப்பது, நிறுத்த வேண்டிய அறிகுறி. மூன்றாவது வரி காலியாக இருந்தால் அந்த மருந்தை இன்னும் படிக்கவில்லை என்று பொருள். நோயாளியின் உயிரைக் காக்கும் வரி அதுதான். தேர்வு தேடுவதும் அதைத்தான்.