விளக்கு வைத்த பிறகும் நகம் வெட்டலாம்

நம் வீடுகளில் சுத்தம் என்பது விடியற்காலைச் சமாச்சாரம். எழுந்ததும் பல், பிறகு குளியல். ராத்திரி என்றால் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் டிவி, பாயை விரித்தால் தூக்கம். பல் சொத்தையும் கீரிப்பூச்சியும் மும்முரமாவது அந்தத் தூக்கத்தில்தான். படுக்கும் முன் செய்ய வேண்டியதைச் சில நம்பிக்கைகள் தடுக்கின்றன. செய்யக் கூடாததைச் செய்யவும் வைக்கின்றன.

நம்பிக்கை: காலையில் நன்றாகத் தேய்த்தால் போதும், ராத்திரி கொப்பளித்தால் சரி.

உண்மை: சோறு, பிஸ்கட், பால் எதுவானாலும் வாயில் தங்கிய மிச்சத்தைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன. பகலில் ஊறும் எச்சில் அந்த அமிலத்தைத் தணித்து, பல் இழந்த கால்சியத்தையும் திருப்பித் தருகிறது. தூங்கும்போது எச்சில் ஊறுவது ஏறக்குறைய நின்றுபோகும். அதனால் இரண்டு வேளைகளில் ஒன்றுக்குத்தான் நேரமுண்டு என்று யாராவது சொன்னால், ராத்திரியை விடாதீர்கள் என்பேன். பேஸ்ட் அட்டையில் 1000 பிபிஎம் ஃபுளோரைடு இருக்கிறதா என்று பாருங்கள். தேய்த்ததும் நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் கூடவே போய்விடும்.

சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் ராத்திரி எப்போது என்பதே வீட்டுக்கு வீடு மாறும். ஒரு பக்கம் கிண்டி தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகள், இன்னொரு பக்கம் ஐ.டி. அலுவலகங்கள். ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று ஷிப்டில் இருப்பார்கள். நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு வந்து, இட்லியும் காப்பியும் ஆனதும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுப்பவருக்கு அதுதான் ராத்திரி. அவர் பல் தேய்க்க வேண்டியது அந்தக் காப்பிக்குப் பிறகு.

நம்பிக்கை: பால் பல்தானே, விழுந்து முளைக்கும்.

உண்மை: பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கும். அதுவரை வலியோடு மென்று தின்ன வேண்டியது அந்தக் குழந்தைதான். புட்டிப்பாலை உறிஞ்சியபடியே தூங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்கள் முதலில் கெடும். கீழ்ப் பற்களை நாக்கு மறைத்துக் காக்கிறது. குழந்தையை மடியில் சாய்த்து மேல் உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி, சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் ஆரம்பம். அந்தக் கட்டத்தில் பல் மருத்துவரிடம் காட்டினால் ஓட்டை விழாமல் தடுக்க வாய்ப்புண்டு. முதல் பல் முளைத்ததுமே தேய்த்துவிடத் தொடங்கலாம். மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு பேஸ்ட், ஆறு வரை பட்டாணி அளவு. பிரஷ்ஷைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

நம்பிக்கை: இனிப்பு தின்றால் வயிற்றில் பூச்சி வரும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால் பூச்சி.

உண்மை: சர்க்கரையிலிருந்து பூச்சி பிறப்பதில்லை. பல் கடிப்பது பூச்சி இல்லாத குழந்தைகளிடமும் சாதாரணம். கீரிப்பூச்சி முட்டை வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. குழந்தை அயர்ந்து தூங்கும் நேரத்தில் பெண் பூச்சி ஆசனவாய்க்கு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அரிப்பெடுத்துக் குழந்தை சொறியும். முட்டை நகக்கண்ணில் ஏறும். அந்த விரல் காலையில் வாய்க்குப் போகும், இல்லையென்றால் அண்ணன் தட்டுக்குப் போகும். ஒரே அறையில், ஒரே போர்வைக்குள் நான்கு பேர் படுக்கும் வீட்டில் அது எல்லோருக்கும் பரவ அதிக நாள் ஆகாது. காலையில் போர்வையை உதறி மடிப்பது நம் வழக்கம். அந்த உதறலில் முட்டைகள் அறையெங்கும் பறக்கும். இரண்டு மூன்று வாரம்கூட உயிரோடு இருக்கும். உதறாமல் சுருட்டி எடுத்து, வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள்.

பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் பூச்சி மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும்தான். ஆனால் கீரிப்பூச்சி வந்த வீட்டுக்கு ஒரு குழந்தைக்கு ஒரு மாத்திரை போதாது. மருத்துவரைக் கேட்டு வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சாப்பிட வேண்டும். படுக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவல், துவைத்த ஜட்டி, ஒட்ட வெட்டிய நகம். காலையில் எழுந்ததும் குளியல்.

நகம் என்றதும் பாட்டி குறுக்கிடுவார்: "விளக்கு வச்ச பிறகு நகம் வெட்டாதேடா, லட்சுமி போயிடுவா." மங்கலான வெளிச்சத்தில் கத்தி விரலைப் பதம் பார்க்கும், நகத்துண்டு சோற்றில் விழும் என்ற கவலை அன்றைக்கு நியாயம். டியூப் லைட்டும் நகவெட்டியும் இருக்கும் வீட்டில் தடையில்லை. பாட்டி மனம் வருந்துவார் என்றால் ஞாயிறு காலையில் வெட்டிவிடுங்கள். வாரம் தவறக் கூடாது, அவ்வளவுதான்.

நம்பிக்கை: ஈரத் தலையோடு படுத்தால் பேன் வரும்.

உண்மை: பெரும்பாலும் தலையோடு தலை உரசித்தான் பேன் ஏறும். ஒருவருக்கு இருந்தால் ஒரே தலையணையில் படுப்பதையும் ஒரே சீப்பையும் நிறுத்துங்கள்.

நம்பிக்கை: கதவு, ஜன்னலைச் சாத்திச் சுருள் ஏற்றினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

உண்மை: அடையாற்றங்கரையில் சாயங்காலம் கொசு என்ன பாடு படுத்தும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிக்கையில் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. மூடிய அறையில் அத்தனையும் வீசிங் உள்ள குழந்தையின் நெஞ்சுக்குள் போகிறது. ஜன்னலுக்கு வலை அடியுங்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடவில்லையென்றால் மடக்குக் கொசுவலை இருக்கிறது.

நம்பிக்கை: சளிக்குக் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் பச்சைக் குழந்தையின் நெஞ்சில் தடவிப் படுக்க வைக்கலாம்.

உண்மை: இதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் சேரும். சின்னக் குழந்தைக்கு வலிப்பையே வரவழைக்கும். இரண்டு வயதுக்குள் கற்பூரமோ, கற்பூரம் கலந்த தைலமோ வேண்டாம். மூக்கடைப்புக்கு மருத்துவர் எழுதித் தரும் உப்புநீர்ச் சொட்டு போதும். பூஜை அலமாரியில் இருக்கும் வில்லையைக் குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். மிச்ச வில்லைகளோடு அந்த டப்பாவையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.