ஆன்டிவைரஸ் போடப் போய் ஏமாறாதீங்க!



போன செமஸ்டர், ப்ராஜெக்ட் ரிவ்யூ நடந்துட்டு இருந்த ஒரு மதியம். அப்பா ரெண்டு தடவை கூப்பிட்டார். ரெண்டு தடவையும் கட் பண்ணிட்டேன். "ரிவ்யூல இருக்கேன், அப்புறம் பேசுறேன்"னு ஒரு மெசேஜ் மட்டும் போட்டேன். அவர் கேட்க நினைச்சது ஒரே ஒரு கேள்விதான்: "ஆன்டிவைரஸ் முடிஞ்சுபோச்சுன்னு வருதுடா, என்ன பண்ணட்டும்?"

நான் எடுக்கலைன்னதும் அவரே கூகுள்ல தேடியிருக்கார். மேல வந்த முதல் ரிசல்ட்ல ஒரு கஸ்டமர் கேர் நம்பர். அது ஒரு விளம்பரம்னு அவருக்குத் தெரியலை. கூப்பிட்டார். எடுத்தவன் ரொம்ப மரியாதையா, "சார் சார்"னு பேசியிருக்கான். ஒரு ரிமோட் ஆப்பை இறக்கச் சொன்னான், இறக்கினார். "உங்க சிஸ்டம்ல 1,200 எரர் இருக்கு சார், பாருங்க"ன்னு காட்டினான். அப்பா பயந்துபோய் 4,999 ரூபாய் யூபிஐல அனுப்பிட்டார்.

எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரி நெரிசல்ல மாட்டி நான் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்தப்போ மணி நாலு. கால் இன்னும் ஓடிட்டு இருந்தது. அப்பா கை மவுஸ்ல இல்லை, ஆனா மவுஸ் நகருது. ஸ்க்ரீன்ல பேங்க் லாகின் பக்கம். "2,000 ரூபாய் ரீஃபண்ட் வரும், நெட்பேங்கிங் ஓபன் பண்ணுங்க"ன்னு அவன் சொல்லிட்டு இருந்தான். நான் ஓடிப்போய் ரவுட்டர் சுவிட்சை அணைச்சேன்.

அப்பா ராயபுரத்துல ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்ல வேலை பார்க்கிறார். சரக்கு இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரியை ஐஸ்கேட் தளத்துல ஏத்தணும்னா டிஜிட்டல் கையெழுத்து வேணும். அது ஒரு யூஎஸ்பி டோக்கன்ல இருக்கும். அவசர நாள்ல அதை வீட்டுக்குக் கொண்டுவந்து இதே லேப்டாப்ல சொருகுவார். அன்னைக்கு டோக்கன் ஆபீஸ்ல இருந்தது, எங்க நல்ல நேரம். சொருகி இருந்திருந்தா, போறது 4,999 ரூபாய் மட்டுமில்லை, அப்பாவோட வேலையும்தான்.

அதனாலதான் இந்தக் கட்டுரை. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நாம இதை நம்ம வீட்டுக்குச் சொல்லிக் கொடுக்கலைன்னா வேற யார் சொல்லுவாங்க?

இது எப்படி வேலை செய்யுது?

டெக் சப்போர்ட் மோசடியில ஹேக்கிங்கே கிடையாது. நாமளே கதவைத் திறந்து விடறோம், அவ்வளவுதான். அவங்க நம்மளைப் பிடிக்கிற வழி பெரும்பாலும் நாலு:

1. தேடலில் மேலே வரும் விளம்பரம். காசு கொடுத்தா போலி நம்பரையும் மேல கொண்டுவரலாம்.

2. முழு ஸ்க்ரீனையும் அடைச்சுக்கிற சிவப்புப் பக்கம். "வைரஸ் பிடிச்சிருச்சு, உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு அலறும். அது ஒரு சாதாரண வெப் பக்கம்தான். உங்க ஹார்ட் டிஸ்க்கை அதால ஸ்கேன் பண்ண முடியாது.

3. பிரவுசர் நோட்டிஃபிகேஷன். படம் டவுன்லோட் பண்ற ஏதோ ஒரு தளத்துல "அலோ"னு அழுத்தியிருப்போம். அப்புறம் மூலையில தினமும் "உங்க ஆன்டிவைரஸ் காலாவதி"ன்னு பெரிய கம்பெனி லோகோவோட வந்துட்டே இருக்கும்.

4. போலி பில். "உங்க ஆன்டிவைரஸ் சந்தா புதுப்பிக்கப்பட்டது, வேண்டாம்னா கூப்பிடுங்க"ன்னு மெயில் வரும். பணம் போயிடுச்சேன்னு பதறி நாமளே கூப்பிடுவோம்.

ஒண்ணு கவனிச்சீங்களா? நாலுமே ஒரு போன் நம்பர்லதான் போய் முடியுது. விண்டோஸ் காட்டற நிஜமான எரர் மெசேஜ்ல போன் நம்பரே இருக்காதுன்னு மைக்ரோசாப்ட் தெளிவா சொல்லியிருக்கு. எச்சரிக்கைக்குள்ள போன் நம்பர் இருந்தா அது போலி. இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டாலே பாதி பாடம் முடிஞ்சது.

அவங்க காட்டற வித்தைகள்

அப்பாவுக்குக் காட்டின "1,200 எரர்" என்ன தெரியுமா? ஈவென்ட் வியூவர். நீங்களே இப்போ பண்ணிப் பாருங்க. ஸ்டார்ட்ல ஈவென்ட் வியூவர்னு டைப் பண்ணி, விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம்னு போங்க. சிவப்புலயும் மஞ்சள்லயும் வரிசையா வரும். புது லேப்டாப்லயும் வரும். ஒரு சர்வீஸ் சரியான நேரத்துல ஸ்டார்ட் ஆகலைன்னாலும் விண்டோஸ் அங்க எழுதி வைக்கும். அது ஒரு டைரி, அவ்வளவுதான்.

ரெண்டாவது வித்தை, கமாண்ட் ப்ராம்ப்ட்ல "ட்ரீ"ன்னு அடிக்கிறது. உங்க ஃபோல்டர் பேரெல்லாம் கடகடன்னு ஓடும். "ஸ்கேன் நடக்குது சார்"னு சொல்லுவான். கடைசியில அவனே "வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது"ன்னு டைப் பண்ணுவான். பார்க்கிறவங்களுக்குக் கம்ப்யூட்டரே சொன்ன மாதிரி இருக்கும்.

மூணாவது, "இது உங்க கம்ப்யூட்டரோட தனி லைசென்ஸ் நம்பர், எங்ககிட்டயும் இதே நம்பர் இருக்கு பாருங்க"ன்னு ஒரு நீளமான எண்ணைக் காட்டறது. அது ஜிப் ஃபைல் சம்பந்தப்பட்ட ஒரு அடையாள எண். உலகத்துல இருக்கிற எல்லா விண்டோஸ்லயும் அதேதான்.

நாலாவதுதான் பெரிய அடி: ரீஃபண்ட். பேங்க் பக்கத்தைத் திறக்க வச்சு, ஸ்க்ரீனைக் கறுப்பாக்கி, பிரவுசர்ல இன்ஸ்பெக்ட் எலிமென்ட் வழியா பேலன்ஸை மாத்திக் காட்டுவாங்க. 2,000 அனுப்ப வேண்டிய இடத்துல 20,000 வந்துட்ட மாதிரி தெரியும். "தப்பா அனுப்பிட்டேன், என் வேலை போயிடும், மீதியைத் திருப்பி அனுப்புங்க"ன்னு அழுவான். இன்ஸ்பெக்ட் எலிமென்ட் நமக்கு முதல் வருஷ லேப் விளையாட்டு. அப்பா அம்மாவுக்கு அது கண்ணால பார்த்த சாட்சி.

நம்ம நாட்டுக் கதையும்தான்

இது எங்கேயோ நடக்கிற விஷயம் இல்லை. அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் 2012-லயே இந்த மோசடிகள் மேல வழக்குப் போட்டது. கால் வந்த இடம் பெரும்பாலும் இந்தியா. 2018 நவம்பர்ல மைக்ரோசாப்ட் கொடுத்த புகார்ல டெல்லியை ஒட்டின நொய்டா, குர்கான் பகுதியில 16 போலி கால் சென்டர்கள்ல போலீஸ் சோதனை நடத்துச்சு. 2023 அக்டோபர்ல சிபிஐ "ஆபரேஷன் சக்ரா-2"ன்னு 76 இடங்கள்ல சோதனை போட்டது. அதுல மைக்ரோசாப்ட், அமேசான் பேரைச் சொல்லி ஏமாத்தின கும்பல்களும் உண்டு.

இந்த இடத்துல நமக்கு இன்னொரு பாடமும் இருக்கு. அந்த சீட்ல உட்கார்ந்து பேசறவங்க நம்ம வயசுக்காரங்கதான். ப்ளேஸ்மென்ட் கிடைக்காத நேரத்துல "இன்டர்நேஷனல் வாய்ஸ் ப்ராசஸ்"னு விளம்பரம் பார்த்தா மனசு போகும். நல்ல கம்பெனிகளும் இருக்கு. ஆனா வேற கம்பெனி பேர்ல பேசச் சொன்னா, காசை கிஃப்ட் கார்டா வாங்கச் சொன்னா, அங்கிருந்து எழுந்து வந்துடுங்க. கம்ப்யூட்டர் வழியா ஆள்மாறாட்டம் செஞ்சு ஏமாத்தினா தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். "மேனேஜர் சொன்னார்"ன்னா கோர்ட் விட்டுடாது.

அப்போ ஆன்டிவைரஸ் எப்படிப் போடறது?

முதல்ல, தனியா வாங்கணுமான்னு பாருங்க. விண்டோஸ் 10, 11 ரெண்டுலயும் டிஃபெண்டர் கூடவே வருது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து எல்லாம் பச்சை டிக்கா இருக்கா, அப்டேட் ஆகுதான்னு பாருங்க. நம்ம உபயோகத்துக்கு அதுவே போதும்.

தனியா வேணும்னா, கம்பெனி முகவரியை நீங்களே டைப் பண்ணுங்க. நம்ம சென்னையோட கே7 ஆகட்டும், புனேவோட குவிக் ஹீல் ஆகட்டும், அவங்க சொந்தத் தளத்துல இருந்து மட்டும் இறக்குங்க.

இறக்கின ஃபைலை ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போங்க. டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்னு ஒரு டேப்ல கம்பெனி பேர் இருக்கணும். டேபே இல்லையா, டெலீட் பண்ணிடுங்க.

ஒரு மெஷின்ல ஒரு ஆன்டிவைரஸ் போதும். ரெண்டு போட்டா ஒண்ணை ஒண்ணு சந்தேகப்பட்டு லேப்டாப்தான் திணறும்.

புதுப்பிக்கணும்னா சாஃப்ட்வேருக்குள்ளயே போய்ப் புதுப்பிங்க. யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

கடைசியா, கிராக். "இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க"ன்னு எந்த சாஃப்ட்வேர் சொன்னாலும் கொஞ்சம் யோசிங்க. வீட்டுக்குத் திருடன் வரும்போது நாயைக் கட்டி வைக்கச் சொல்ற மாதிரிதான் அது. ஆட்டோகேட் மாதிரி நிறைய சாஃப்ட்வேர் மாணவர்களுக்கு இலவசமாவே கிடைக்குது.

சிவப்பு ஸ்க்ரீன் வந்துட்டா

பதறாதீங்க, கூப்பிடாதீங்க. எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க, ஃபுல் ஸ்க்ரீன் விலகும். இல்லன்னா ஆல்ட்டோட எஃப்4. அதுவும் நடக்கலைன்னா டாஸ்க் மேனேஜர் போய் பிரவுசரை மூடுங்க. மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களைத் திறக்கவா"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்க.

ஏற்கெனவே உள்ளே விட்டுட்டா

வரிசை முக்கியம்.

1. இன்டர்நெட்டைத் துண்டிங்க. போனை வச்சிடுங்க. அவன்கிட்ட வாதாட வேண்டாம்.

2. பணம் போயிருந்தா உடனே 1930. இது தேசிய சைபர் குற்ற உதவி எண். திருடின பணம் ஒரு அக்கவுன்ட்ல இருந்து இன்னொண்ணுக்கு நிமிஷக்கணக்குல தாவும். சீக்கிரம் சொன்னா வழியில நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்துலயும் புகார் பதியலாம்.

3. பேங்குக்குச் சொல்லுங்க. ரிசர்வ் வங்கியோட 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, நாமளே பாஸ்வேர்டு, ஓடிபி கொடுத்து நடந்த நஷ்டம், தகவல் சொல்ற வரைக்கும் நம்மோடது. சொன்னதுக்கு அப்புறம் நடக்கிறது பேங்கோடது. அதனால வெட்கப்பட்டு ஒளிச்சு வைக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு.

4. வேற ஒரு போன்ல இருந்து மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாத்துங்க.

5. ரிமோட் ஆப்பை நீக்குங்க, ஃபுல் ஸ்கேன் ஓட்டுங்க. சந்தேகம் தீரலைன்னா ஃபைல்களை எடுத்துட்டு விண்டோஸை ரீசெட் பண்றதுதான் நிம்மதி.

6. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சொருகி இருந்திருந்தா, ஆபீஸ்ல உண்மையைச் சொல்லி அதை ரத்து பண்ணச் சொல்லுங்க.

நாங்க அன்னைக்கே 1930-க்குக் கூப்பிட்டோம், புகாரும் பதிஞ்சோம். அந்த 4,999 இதுவரைக்கும் திரும்பி வரலை. மீதி சேமிப்பு தப்பிச்சது. அப்பா ரெண்டு நாள் அம்மாகிட்டகூடச் சொல்லலை. "படிச்ச பையன் வீட்ல இருந்தும் இப்படி ஏமாந்துட்டேனே"ன்னு அவர் சொன்னப்போ எனக்குத்தான் தலை குனிஞ்சது. ரெண்டு நிமிஷம் வெளியே வந்து போனை எடுத்திருந்தா, "ஒண்ணும் பண்ணாதீங்கப்பா, நான் வந்து பார்க்கிறேன்"னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது.

அதனால உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்ல அப்பா, அம்மா, பாட்டி யார் இருக்காங்களோ அவங்களை உட்கார வச்சு ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டுங்க. "இதைக் காட்டி யாராவது பயமுறுத்தினா சிரிச்சுட்டு போனை வச்சிடுங்க"ன்னு சொல்லுங்க. 1930-ஐ அவங்க போன்ல சேவ் பண்ணிக் கொடுங்க. அப்புறம், கம்ப்யூட்டர்ல எது வந்தாலும் முதல் கால் உங்களுக்குத்தான்னு சொல்லி வைங்க. அந்தக் கால் வரும்போது கட் பண்ணாதீங்க.