ஒரு வழியா, பதினாறு வழியா?

வேறோரிடத்துச் சர்வரிலுள்ள கோப்பை நம் கணிப்பொறியில் உள்ளதுபோலவே திறக்க உதவுவது என்.எஃப்.எஸ். முறை. அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ல் இதை உருவாக்கியது. சர்வரின் கோப்பகத்தை நம் கணிப்பொறியோடு பொருத்துவதை 'மவுண்ட்' என்கிறோம்.

லினக்ஸில் நெடுங்காலம் ஒரு சர்வருக்குப் பொதுவாக ஒரே டி.சி.பி. இணைப்புதான். வலையமைப்பு எவ்வளவு வேகமானாலும், எல்லாக் கோரிக்கைகளும் அவ்வொரு வழியிலேயே நெருக்கியடித்துச் செல்லவேண்டும். 2019-ல் வெளியான லினக்ஸ் 5.3-ன் கெர்னலில், அதாவது இயக்கமுறைமையின் கருவில், 'என்கனெக்ட்' என்ற மவுண்ட் விருப்பம் சேர்க்கப்பட்டது. அதில் 16 வரை இணைப்புகள் கேட்கலாம்.

புதுச் சொல்லைக் கெர்னலுக்குக் கற்பிப்பது எளிது. எண் 16-ஐத் தாண்டினால் மறுத்தால் போதும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 'இக்கோப்பை அழி' என்று கேட்கிறோம் எனக் கொள்வோம். சர்வர் அழித்துவிட்டது, பதில் வழியில் தொலைந்தது. மீண்டும் அதையே வேறு இணைப்பில் கேட்டால், சில சர்வர்கள் அதைப் புதுக் கோரிக்கையென்று எண்ணி, 'அப்படியொரு கோப்பே இல்லை' என்றுவிடும்! செய்த வேலை தவறிப்போனதாகத் தோன்றும். ஆகவே கோரிக்கைகளை முறைவைத்துப் பங்கிட்டாலும், ஒன்றைத் திரும்பக் கேட்கும்போது முதலில் சென்ற இணைப்பிலேயே கெர்னல் அனுப்புகிறது.

எண் ஏதும் தராவிட்டால், பழையபடி ஒரே இணைப்புதான்.